ராமநாதபுரம் கடற்கரையில் ஏ.ஏ. மீட்டிங் தேடுகிறவர்களுக்கு

குடியை நிறுத்த நினைக்கிறவர்கள் கூடிப் பேசுகிற ஏ.ஏ. மீட்டிங் எங்கே நடக்கிறது என்று தேடுவதற்கு முன்னால் ஒரு விஷயம். பல வருஷமாகத் தினமும் குடிக்கிறவர், அதிலும் காலையில் எழுந்ததும் கை உதறல் நிற்க ஒரு கட்டிங் தேவைப்படுகிறவர், "இன்றோடு விட்டேன்" என்று பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டு வீட்டில் சும்மா படுத்துக்கொள்ளக் கூடாது. கடைசியாகக் குடித்த ஆறேழு மணி நேரத்திலேயே நடுக்கம், வியர்வை, படபடப்பு ஆரம்பித்துவிடும், முதல் இரண்டு நாளுக்குள் சிலருக்கு வலிப்பு வரும், இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் நடுவில் சிலர் புத்தி தடுமாறி, சுவரில் பூச்சி ஊருது, வாசலில் ஆள் நிற்கிறான் என்று பேச ஆரம்பிப்பார்கள். எங்கள் பக்கத்தில் இதைப் பார்த்துவிட்டுப் பேய் பிடித்திருக்கிறது என்று கோடாங்கியிடம் கூட்டிப் போன வீடுகள் உண்டு. பேயெல்லாம் இல்லை, இத்தனை வருஷம் சரக்குக்குப் பழகிய மூளை அது கிடைக்காமல் போடுகிற ஆட்டம்தான் இது. கவனிக்காமல் விட்டால் உயிர் போகும். வலிப்போ புத்தித் தடுமாற்றமோ வந்தால் யோசிக்காமல் 108.

அந்த நிலைக்குப் போகும் முன்னாலேயே ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய் மனநலப் பிரிவுக்குச் சீட்டு போடுங்கள். 'மனநலம்' என்று எழுதியிருப்பதைப் பார்த்துத் திரும்பி வந்துவிடாதீர்கள், குடியை நிறுத்த மருந்து கொடுக்கிறவர்கள் அவர்கள்தான். எவ்வளவு குடிக்கிறீர்கள் என்று கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள், மாத்திரையின் அளவை அதை வைத்துத்தான் தீர்மானிப்பார்கள், அங்கே போய்க் கால் பாட்டிலை ஒரு மூடி என்று குறைத்துச் சொன்னால் கஷ்டப்படப் போவது நீங்கள்தான். தயமின் என்ற வைட்டமின் ஊசியும் போடுவார்கள். 2025 பிப்ரவரியில் தமிழக அரசு 'கலங்கரை' என்ற பெயரில் 25 போதை மீட்பு மையங்களை அரசு மருத்துவமனைகளில் திறந்தது, அதனால் போகும்போது "கலங்கரை மையம் பக்கத்தில் எங்கே இருக்கிறது" என்றும் ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள். கடற்கரைக்காரனுக்குப் பொருத்தமான பேர்தான் வைத்திருக்கிறார்கள்.

சரி, மருந்து நடுக்கத்தை நிறுத்தும். பத்து நாள் கழித்துப் படகு கரை சேர்ந்து, பங்குக் காசு கைக்கு வந்து, "மச்சான் வாடா, கொஞ்சமா" என்று ஒருத்தன் தோளில் கை போடும்போது என்ன செய்வது என்பதற்கு ஆஸ்பத்திரியில் மாத்திரை கிடையாது. ஏ.ஏ. மீட்டிங் அதற்குத்தான்.

ஏ.ஏ. என்றால் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். குடியை நிறுத்தியவர்களும் நிறுத்த விரும்புகிறவர்களும் உட்கார்ந்து பேசுகிற கூட்டம், பெயர், ஊர் வெளியே போகாது, அவ்வளவுதான். இது ஆரம்பித்த கதையிலேயே மீட்டிங் தேடுகிற வழி இருப்பதால் அதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1935 மே மாதம், அமெரிக்காவில் ஆக்ரன் என்ற ஊருக்கு வியாபார வேலையாக வந்த பில் என்கிற ஒருவர், குடியை விட்டுச் சில மாதங்களே ஆனவர், வந்த காரியம் கெட்டுப்போய் ஓட்டல் வரவேற்பறையில் நின்றுகொண்டிருக்கிறார். ஒரு பக்கம் பாரிலிருந்து சத்தம் கேட்கிறது. இன்னொரு பக்கம் போனும், ஊரில் உள்ள சர்ச்சுகளின் பட்டியலும். உள்ளே போகாமல் போனை எடுத்து ஒவ்வொரு இடமாகக் கூப்பிட்டு, பேசுவதற்கு இன்னொரு குடிகாரர் கிடைப்பாரா என்று கேட்கிறார். கடைசியில் பாப் என்ற அறுவை சிகிச்சை மருத்துவர் கிடைத்தார், அவரும் மொடாக்குடியர். அந்த டாக்டர் கடைசியாகக் குடித்த நாள் என்று சொல்லப்படுகிற 1935 ஜூன் 10-ஐத்தான் ஏ.ஏ. பிறந்த நாளாக இன்றைக்கும் வைத்திருக்கிறார்கள்.

ஆக பில் தேடியது கட்டடத்தை இல்லை, ஒரு ஆளை. நம் கடற்கரையிலும் அப்படியே தேடுங்கள். இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். முதல் தடவை யாரோ எழுதிக் கொடுத்த விலாசத் துண்டை வைத்துக்கொண்டு, யாரிடமும் பேசாமல், பஸ் ஏறி ஒரு ஊருக்குப் போனேன். சொன்ன இடத்தில் பெரிய பூட்டு. "அவங்க இப்ப இங்க வர்றதில்லையே தம்பி" என்றார் பக்கத்தில் பூக்கட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மா. திரும்பி பஸ் ஸ்டாண்டுக்கு வருகிற வழியில் கடை இருந்தது, பிறகு நடந்ததை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மறுபடி தேட நாலு மாதம் ஆனது. இரண்டாவது தடவை போன் பண்ணினேன், எடுத்தவர் "எந்த பஸ்ல வர்றீங்க? ஸ்டாண்டுலயே நிக்கிறேன், கையில கறுப்புக் குடை இருக்கும்" என்றார். மழையும் இல்லை வெயிலும் இல்லை, எனக்கு அடையாளத்துக்காக மட்டும் ஒரு மனுஷன் குடையோடு நின்றார்.

மீட்டிங் நடக்கும் இடம் மாறும், நாள் மாறும், ஹால் கொடுத்தவர்கள் திருப்பிக் கேட்பார்கள். வலைத்தளத்தில் இருக்கிற பட்டியல் போன வருஷத்துடையதாகக் கூட இருக்கலாம். அதனால் பட்டியலில் விலாசத்தை விட்டுவிட்டுப் போன் நம்பரைத்தான் முதலில் பாருங்கள். ஏ.ஏ.வின் இந்தியப் பொதுச் சேவை அலுவலகத்துக்கு வலைத்தளம் இருக்கிறது, 'ஏஏ இந்தியா' என்று தேடினால் வரும், அதில் உதவி எண்ணும் கொடுத்திருப்பார்கள். கூப்பிட்டு, ராமநாதபுரம் மாவட்டம், தமிழில் பேசுகிற ஆள் வேண்டும் என்று சொல்லுங்கள். மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446, கட்டணம் கிடையாது. மனசு ரொம்பக் கனத்து, செத்துவிடலாம் போல இருக்கிறது என்றால் 14416, இல்லாவிட்டால் 104. இந்த எண்களில் பேசுகிறவர்கள் ஏ.ஏ. ஆட்கள் கிடையாது, ஆனால் பேச்சுக்கு ஆள் கிடைக்கும், எந்த ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று வழி சொல்வார்கள்.

அடுத்து நேரில் விசாரிப்பது. மனநலப் பிரிவில் மருந்து வாங்கும்போதே அங்கிருக்கிற ஆலோசகரிடம் "ஏ.ஏ.காரங்க யாராவது வருவாங்களா?" என்று கேளுங்கள், பல ஆஸ்பத்திரிகளுக்கு ஏ.ஏ. உறுப்பினர்கள் நோயாளிகளைப் பார்க்கப் போவது வழக்கம். பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம், மூக்கையூர் பக்கம் என்றால் பங்குச் சாமியாரிடம் கேட்கலாம், குடியால் நொந்த வீடுகள் முதலில் போய் நிற்கிற இடம் அதுதான் என்பதால் அவருக்கு ஆள் தெரிந்திருக்க வாய்ப்பு அதிகம். நீங்கள் வேறு மதமாக இருந்தாலும் பரவாயில்லை. ஏ.ஏ. எந்த மதத்தையும் சேர்ந்தது இல்லை, சர்ச் ஹாலில் நடக்கிறது என்றால் ஹால் கிடைத்திருக்கிறது என்றுதான் அர்த்தம். கீழக்கரை, தொண்டி, தேவிபட்டினம் பக்கத்து முஸ்லிம் அண்ணன் தம்பிகளுக்கு இதில் ஒரு சங்கடம் கூடுதலாகவே உண்டு, குடிக்கிறதே ஹராம், அதை வெளியில் வேறு சொல்வதா என்று. பெயர் கேட்காத, ஜமாத்துக்குத் தகவல் போகாத இடம் என்பது அவர்களுக்குத்தான் எல்லோரையும் விட அதிகமாக உதவும். வாப்பாவுக்குத் தெரியாமல் வந்துபோகலாம்.

போன் பண்ணுகிற நேரமும் முக்கியம். டாஸ்மாக் கதவு பகல் 12 மணிக்குத் திறக்கும், அதற்கு முன்னால் பண்ணிவிடுங்கள். சாயங்காலம் பார்த்துக்கலாம் என்று தள்ளினால் அந்த சாயங்காலம் வராது. என்ன பேசுவது என்று தெரியாவிட்டால் இப்படிச் சொன்னால் போதும்: "அண்ணே, நான் குடியை நிறுத்தணும்னு இருக்கேன், பக்கத்துல மீட்டிங் எங்க நடக்குது?" எதிர்ப்பக்கம் ஆச்சரியப்படவே மாட்டார்கள், அவர்களும் என்றோ ஒருநாள் இதே மாதிரி நாக்குக் குழறப் பேசியவர்கள்தான். இந்த வாரம் நிச்சயமாக நடக்கிறதா, எத்தனை மணிக்கு, எந்த ஸ்டாப்பில் இறங்கணும், முடிந்து திரும்பி வர பஸ் உண்டா, ஸ்டாண்டில் யாராவது நிற்க முடியுமா என்று எல்லாவற்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். திறந்த கூட்டமா, மூடிய கூட்டமா என்றும் கேளுங்கள். திறந்த கூட்டம் என்றால் வீட்டுக்காரம்மாவையோ தம்பியையோ துணைக்குக் கூட்டிப் போகலாம். மூடிய கூட்டம் குடிப் பிரச்சினை உள்ளவர்களுக்கு மட்டும்.

இப்போது நம் ஊருக்கே உரிய சிக்கலுக்கு வருகிறேன். நகரத்தில் எழுதுகிறவர்கள் "வாரா வாரம் ஒரே மீட்டிங்குக்குப் போங்கள், தொண்ணூறு நாளில் தொண்ணூறு மீட்டிங் போங்கள்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். கடலுக்குப் போகிறவன் எப்படிப் போவான்? ராமேஸ்வரம் பக்கம் விசைப்படகு பொதுவாகத் திங்கள், புதன், சனி டோக்கன் வாங்கிக் கிளம்பி மறுநாள் காலையில்தான் கரை ஏறும், மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்கு. நடுவில் புயல் எச்சரிக்கை, ஸ்டிரைக், இலங்கை நேவி பிடித்துப் போன தகராறு என்று எத்தனையோ வரும். அதனால் ஆள் கிடைத்ததும் உங்கள் தொழில் நாட்களைச் சொல்லி, அதற்கு இடையில் விழுகிற மீட்டிங்கைக் கேளுங்கள். விசைப்படகுக்காரருக்கு ஞாயிறு சாயங்காலம் தோதாக இருக்கும். உள்ளூரில் நாள் ஒத்துவரவில்லை என்றால் மதுரையில் பல குழுக்கள் இருக்கின்றன, ராமநாதபுரத்திலிருந்து நூற்றுப்பத்து கிலோமீட்டர் சுமார், மாதத்துக்கு ஒருமுறையாவது போய் உட்கார்ந்து வரலாம். மீதி நாளுக்கு ஆன்லைன். ஜூமில் தமிழ் மீட்டிங்குகள் நடக்கின்றன, லிங்க் வாட்ஸாப்பில் வரும், கேமராவை அணைத்து வைத்துக்கொண்டு, பெயருக்குப் பதிலாக ஒரு எழுத்தைப் போட்டுக்கொண்டு கேட்கலாம். ஆனால் ஆன்லைனிலேயே காலத்தை ஓட்டலாம் என்று நினைக்காதீர்கள், போனில் ஒருத்தர் உருக்கமாகப் பேசிக்கொண்டிருக்கும்போதே இந்தக் கையில் கிளாஸ் வைத்திருந்தவன் நான். நேரில் அது நடக்காது.

ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் இருக்கிறதே, விசைப்படகில் போகிறவர்களுக்கு நல்லதும் கெட்டதும் அதுதான். வேலை இல்லை, வலை பின்னுகிற இடத்தில் நாலு பேர் சேர்ந்தால் பாட்டில் வந்துவிடும், என்னுடைய மோசமான நாட்களெல்லாம் தடைக்காலத்தில் வந்தவைதான். அதே சமயம் வருஷத்தில் வேறு எப்போதும் கிடைக்காத தொடர்ச்சியான அறுபது நாள் அது. ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டுமானால் ஏப்ரல் மாதம் படுங்கள், வெளியே வந்து மீதி நாளில் எத்தனை மீட்டிங் முடியுமோ அத்தனை போங்கள், ஜூன் நடுவில் படகில் ஏறும்போது உடம்பிலும் கொஞ்சம் தெம்பு இருக்கும், போனிலும் பத்து நம்பர் இருக்கும். அதற்காக இப்போது அக்டோபர் என்றால் ஏப்ரல் வரைக்கும் குடிக்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள். நான் போட்டிருக்கிறேன் அந்தக் கணக்கு.

ஊரில் யாராவது பார்த்துவிட்டால்? இது எல்லோரும் கேட்கிற கேள்வி. கடை வாசலில் வேட்டி அவிழ்ந்து கிடந்தபோது பார்க்காத ஊரா என்று கேட்கத் தோன்றும், ஆனாலும் அந்தக் கூச்சம் நிஜமானது, எனக்கும் இருந்தது. வழி சுலபம், பக்கத்து ஊர் மீட்டிங்குக்குப் போங்கள். பாம்பன்காரர் ராமநாதபுரத்துக்குப் போகலாம். உள்ளே தெரிந்த முகம் ஒன்று உட்கார்ந்திருந்தால் பதறாதீர்கள், அவரும் அதே காரியத்துக்குத்தான் வந்திருக்கிறார், நீங்கள் அவரைப் பார்த்ததை வெளியே சொல்ல மாட்டீர்கள், அவரும் சொல்ல மாட்டார்.

உள்ளே என்ன நடக்கும் என்றால், பெரிதாக ஒன்றும் இல்லை. பத்துப் பன்னிரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, சில சமயம் நாலே நாலு. டீ, பிஸ்கட். ஒருவர் தொடங்கி வைப்பார், குடியிலிருந்து மீள ஏ.ஏ. சொல்கிற பன்னிரண்டு படிகளை வாசிப்பார்கள், அப்புறம் ஒவ்வொருவராக "என் பெயர் இன்னது, நான் ஒரு குடிநோயாளி" என்று ஆரம்பித்துத் தன் கதையைச் சொல்வார்கள். இதற்கு ஷேரிங் என்று பெயர். நடுவில் யாரும் குறுக்கே பேச மாட்டார்கள், புத்திமதி சொல்ல மாட்டார்கள். நீங்கள் பேசியே ஆக வேண்டும் என்பது இல்லை, "இன்னைக்குக் கேட்டுக்கிறேன்" என்றால் அடுத்தவரிடம் போய்விடும். ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம். முடியும் நேரத்தில் ஒரு பை சுற்றி வரும், டீக்கும் வாடகைக்கும் உறுப்பினர்கள் போடுகிற காசு அது, புதிதாக வந்தவர் போட வேண்டாம். கட்டணம், சந்தா, பதிவேடு எதுவும் கிடையாது. ஏ.ஏ.வில் சேர ஒரே தகுதி குடியை நிறுத்தும் ஆசை, அதுவும் அவர்களே எழுதி வைத்திருப்பது. படிகளில் கடவுள் என்ற வார்த்தை வரும், கூடவே 'நாம் புரிந்துகொண்டபடி' என்றும் வரும். கடவுள் நம்பிக்கை இல்லாதவர்களும் வருகிறார்கள், எங்கள் குழுவில் ஒருவர் கடலைத்தான் சொல்வார்.

"வாழ்நாள் முழுக்கக் குடிக்க மாட்டேன்" என்று யாரும் உங்களிடம் சத்தியம் வாங்க மாட்டார்கள். இன்று ஒரு நாள், இருபத்துநாலு மணி நேரம், அவ்வளவுதான் கணக்கு. முதல் மீட்டிங்கில் இதைக் கேட்டபோது ஏமாற்றுகிறார்களோ என்று நினைத்தேன்.

ஒரு குழு பிடிக்கவில்லை என்றால் இன்னொன்றுக்குப் போங்கள், அதற்காக ஏ.ஏ.வையே தள்ளிவிடாதீர்கள். முதல் குழுவில் ஒரு பெரியவர் பேச ஆரம்பித்தால் முப்பது நிமிஷத்துக்குக் குறையாது, பசிக்கும். பெண்கள் குடிப்பது பற்றி நம் பக்கத்தில் வாயே திறக்க மாட்டோம், ஆனால் இருக்கிறார்கள். கூட்டம் முழுக்க ஆண்களாக இருக்கிற மீட்டிங்குக்கு ஒரு பெண் தனியாகப் போவது லேசுப்பட்ட காரியமில்லை, அதனால் உதவி எண்ணில் பேசும்போதே பெண் உறுப்பினர் ஒருவரின் தொடர்பும், பெண்களுக்கான ஆன்லைன் மீட்டிங்கும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள் அக்கா.

வீட்டில் இருக்கிறவர்களுக்கு அல்-அனான் என்று தனிக் கூட்டம் உண்டு, 1951-ல் குடிநோயாளிகளின் மனைவிமார் தொடங்கியது. புருஷன் இன்னும் குடித்துக்கொண்டிருந்தாலும் மனைவி போகலாம், அவன் வருவதற்காகக் காத்திருக்க வேண்டாம். என் வீட்டில் அவள்தான் முதலில் விசாரித்தாள். "நீ போனாப் போ, போகாட்டி இரு, நான் போறேன்" என்று ஒருநாள் சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது.

வீட்டார் தயவுசெய்து செய்யக் கூடாத இரண்டு காரியம் இருக்கிறது. சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுக்கிற குடி மறக்கும் பொடி, மாத்திரை என்று போஸ்டர் ஒட்டி விற்கிறார்களே, அதை வாங்காதீர்கள். அதில் டைசல்பிரம் என்ற மருந்து கலந்திருக்கலாம், அதை எடுத்துக்கொண்டு குடித்தால் முகம் சிவந்து, வாந்தி வந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் விழுந்து ஆளே போய்விடக் கூடும். டாக்டர் சொல்லி, குடிக்கிறவர் சம்மதித்து, தெரிந்து சாப்பிட வேண்டிய மருந்து அது. இரண்டாவது, ராத்திரியோடு ராத்திரியாகக் கையைக் காலைக் கட்டி வேனில் ஏற்றிக்கொண்டு போகிற 'மறுவாழ்வு மையம்'. நல்ல மையங்கள் இருக்கின்றன, எல்லாவற்றையும் சொல்லவில்லை. ஆனால் என் சொந்தக்காரப் பையன் ஒருவனை ஒரு இடத்தில் சேர்த்து, மூன்று மாதக் காசை முன்கூட்டியே கட்டி, போய்ப் பார்த்தால் டாக்டரே வருவதில்லை, அடி மட்டும் தவறாமல் விழுந்திருக்கிறது. இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு மனநோயாளிகள் காப்பகம் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டி வைத்திருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் கருகிச் செத்தார்கள். 2017-ம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியில் கட்டுவதைத் தடை செய்திருக்கிறது. மையத்தில் சேர்க்கும் முன்னால் மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள், டாக்டர் எந்த நாளில் வருகிறார் என்று கேளுங்கள், உள்ளே ஏ.ஏ. மீட்டிங் நடக்கிறதா என்றும் கேளுங்கள். முகம் சுளித்தால் கிளம்பி வந்துவிடுங்கள்.

இவ்வளவு தேடியும் உங்கள் கரையில் மீட்டிங்கே இல்லை என்றால்? வாலிநோக்கம் பக்கமோ திருப்பாலைக்குடி பக்கமோ இருக்கிறவர் ஒவ்வொரு வாரமும் பஸ் ஏறி இறங்கிக்கொண்டிருக்க முடியாது. ஏ.ஏ. மரபுப்படி இரண்டு மூன்று குடிநோயாளிகள் குடியை விட்டிருப்பதற்காகச் சேர்ந்து உட்கார்ந்தாலே அது ஒரு குழு. அனுமதி வாங்க வேண்டாம், போர்டு வைக்க வேண்டாம். கொஞ்ச மாதம் வேறு ஊர் மீட்டிங்குக்குப் போய்ப் பழகிய பிறகு, அங்கிருக்கிற மூத்தவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, தமிழில் கிடைக்கிற அவர்களுடைய புத்தகத்தை வாங்கி வந்து, ஒரு நாளையும் நேரத்தையும் முடிவு செய்யுங்கள். பள்ளிக்கூட வராந்தா, ஐஸ் கம்பெனித் திண்ணை, யாராவது சம்மாட்டியின் (படகு முதலாளியின்) வலைக் கொட்டகை, எதுவானாலும் சரி. நாங்கள் இரண்டு பேர் அப்படித்தான் உட்கார்ந்தோம், ஏழு வாரம் வேறு யாருமே வரவில்லை, எட்டாவது வாரம் ஒருத்தன் வந்தான், அவனும் ஐஸ் எடுக்க வந்தவன், நாங்கள் என்ன பேசுகிறோம் என்று பார்க்க உட்கார்ந்தான்.

முதல் மீட்டிங் முடிந்ததும் செய்ய வேண்டியது ஒன்று பாக்கி. திரும்பி வருகிற வழிதான் மோசமானது, கடை ராத்திரி 10 மணி வரைக்கும் திறந்திருக்கும், மனசும் லேசாகி, இன்று ஒரு நல்ல காரியம் செய்துவிட்டோம் என்ற தெம்பில் இருக்கும். யாராவது ஒருவரோடு சேர்ந்து பஸ் ஏறுங்கள். கிளம்பும் முன்னால் இரண்டு பேரிடம் நம்பர் வாங்குங்கள், வாங்கியதைப் போனில் மட்டும் வைக்காதீர்கள். போன் தண்ணீரில் விழும், அடகுக்குப் போகும், நடுக்கடலில் டவர் கிடைக்காது, தனுஷ்கோடிப் பக்கம் போனால் இலங்கை டவரைக் காட்டிக்கொண்டு நிற்கும். ஒரு துண்டுப் பேப்பரில் பெரிய எழுத்தில் எழுதி, பிளாஸ்டிக் கவரில் சுருட்டி, மீனவர் அடையாள அட்டை வைத்திருக்கிற அதே பையில் போடுங்கள். என்னுடைய பேப்பரில் முதல் நம்பர் அந்தக் குடைக்காரருடையது, மை மங்கி இரண்டு தடவை மேலே எழுதியாயிற்று.